ஐஸ்பெட்டியின் மேல்தட்டு

இப்போது எங்கள் வீட்டில் நிற்கிற ஃபிரிட்ஜ் பனியைத் தானே உருக்கிக்கொள்ளுமாம். மருமகள் பெருமையாகச் சொன்னாள். கொள்ளாம், நல்ல காரியம்தான். ஆனால் பனியே பிடிக்காத பெட்டியோடு மனுஷி எப்படிச் சண்டை போடுவது? கல்யாணமான புதிதில் ஒரு ஐஸ்பெட்டியோடு மல்லுக்கட்டித்தான் நான் குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டேன். அது மண்ணெண்ணெயில் எரிகிற பெட்டி. ஒரு சக்கர வீட்டுக்குள் நின்றது. அந்தச் சக்கர வீடு நின்றதோ கீரிப்பாறைக்கும் மேலே, மழை ஓய்ந்து நான் பார்த்தேயிராத ஒரு மலைச்சரிவில்.

வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் இன்னும் தமிழ்நாட்டோடு சேரவில்லை. எல்லாக் காரியத்துக்கும் திருவனந்தபுரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். என் அத்தை மகன் மராமத்தில் ஓவர்சியர். மலைக்கு ரோடு போடுகிற வேலை. அவருக்குத்தான் நான் என்று சிறுவயதிலிருந்தே பேச்சு. அவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்ததும் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் அப்படியே அமுங்கிப்போனது. மீசை நன்றாக முளைத்து முடிவதற்குள் சர்க்கரை. தினமும் ஊசி. அவரே ஒருநாள் பூதப்பாண்டிக்கு வந்து அப்பா முன்னால் நின்றார்.

"மாமா, மறைச்சிட்டான்னு நாளைக்கு ஒருத்தரும் சொல்லப்பிடாது. ஊசி இல்லாம நான் இல்ல. பிள்ளைக்கு வேற எடம் பாக்கதுன்னா பாத்திருங்கோ."

அப்பா வாயைத் திறப்பதற்குள், அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து நான்தான், "வேற எடம் ஒண்ணும் பாக்காண்டாம்" என்றேன். அம்மா என் கையில் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் கன்றிக் கிடந்தது. கிடக்கட்டும். அப்படி முன்னால் வந்து நின்று உண்மையைச் சொல்கிற ஆம்பிளை எத்தனை பேருக்குக் கிடைப்பான்?

ரப்பர் தோட்டம் வைத்திருந்த துரை ஒருவர், சீமைக்குத் திரும்பும்போது ஒரு மர வீட்டை விட்டுப் போயிருந்தார். இரண்டு சக்கரம் வைத்தது. லாரிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு, போகிற இடத்தில் நிறுத்தித் தங்கிக்கொள்வாராம். அதை ரோடு வேலை நடக்கிற கேம்புக்கு இழுத்து வந்து, ஓவர்சியருக்குக் குடியிருப்பு என்று நிறுத்தியிருந்தார்கள். நான் புதுப்பெண்ணாகக் குடி போன வீடு அதுதான். வலது காலை எடுத்து வைத்து வா என்று சொல்லி அனுப்பினார்கள். எடுத்து வைக்க நிலைப்படி ஏது? இரும்புப் படியில் தொற்றி ஏறித் தலையைக் குனிந்து நுழைந்தேன். சீராகத் தந்த செம்புப் பானை வாசலுக்குள் நுழையவே இல்லை. அது கடைசிவரை வெளியே பலாமரத்தடியில்தான் குடியிருந்தது.

உள்ளே இரண்டு பக்கமும் பலகைக் கட்டில். நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடம். மூலையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. அதன் அடியில் மண்ணெண்ணெய்த் தொட்டியும் திரியும், பின்னால் புகை போக ஒரு குழாய்.

"இதுக்க திரியக் கொளுத்தினா உள்ள ஐஸ் பிடிக்கும்" என்றார்.

"தீய வச்சா ஐஸா? யாருகிட்ட கதை விடுகியோ அத்தான்?"

"நாளைக்குக் காலையில பாரு."

மறுநாள் காலையில் திறந்து கையை வைத்தவள் வீலென்று கத்தி இழுத்துக்கொண்டேன். சுட்டுவிட்டது என்றே நினைத்தேன். அவர் கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அன்றைக்கு முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

பெட்டிக்குள் மூன்று தட்டு. மேல்தட்டை ஒட்டி, தகரத்தால் செய்த சின்ன ஐஸ் அறை. அதில்தான் முதலில் பனி பிடிக்கும். முதலில் ஒரு வெள்ளைப் பொடி, அரிசி மாவைத் தெள்ளிவிட்ட மாதிரி. பிறகு அது விரற்கடை கனத்துக்கு ஏறும். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆனந்தம். நாங்கள் நெல்லுக் களத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். குவிகிற எதையும் 'பொலி' என்றுதான் எங்களுக்குச் சொல்ல வரும். பொலியைக் காலால் தொடக்கூடாது, துடைத்து எடுக்கக்கூடாது, வீட்டுக்கு வந்து சேர்கிறவரை அதற்கு ஒரு மரியாதை. பெட்டிக்குள்ளும் ஐஸ் பொலிகிறது என்று நினைத்துக்கொண்டேன். "அதச் சொரண்டிக் களை" என்று அவர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நல்லாப் பொலிஞ்சு வாறதப் போயிச் சொரண்டச் சொல்லுகியோ? விளங்குமா?"

"ஏட்டி, அது பொலி இல்ல, கேடு. கம்பளி போத்தின மாதிரி மூடிக்கிடும். உள்ள உள்ள குளிரு வெளிய வராது. திரி எரியும், எண்ணெய் தீரும், பாலு கெடும்."

நான் நம்பவில்லை. பால் திரிந்தபிறகுதான் நம்பினேன்.

சரி, இந்தப் பனி எங்கிருந்து வருகிறது? நான் வைக்காத தண்ணீர் அதற்குள் எப்படிப் போயிற்று? அந்த மலையில் இருந்தவர்களுக்குத்தான் அது புரியும். உப்பு மரவைக்குள்ளேயே உப்பு தண்ணீராகிவிடும். அப்பளம் துணி மாதிரி மடங்கும். தீப்பெட்டியை அடுப்புக்குப் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிட வேண்டும். காற்றே பாதி தண்ணீர். பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் காற்று உள்ளே புகுந்து பனியாக ஒட்டிக்கொள்ளும். போதாததற்கு நான் வேறு. சைவ வீட்டுப் பிள்ளை. பாத்திரம் என்றால் அப்போதுதான் கழுவி, தண்ணீர் சொட்டச் சொட்ட எடுத்தால்தான் எங்களுக்குச் சுத்தம். காய்ந்த பாத்திரத்தைப் பார்த்தால் யார் தொட்டார்களோ என்று சந்தேகம் வரும். குளித்த ஈரத்தலையோடு வருவேன், ஈரக்கையால் கதவைத் திறப்பேன், கழுவின பாத்திரத்தைத் துடைக்காமல் வைப்பேன். பழையதைத் தண்ணீர் ஊற்றித் திறந்தபடியே வைப்பேன். ரசத்தை ஆவி பறக்க உள்ளே தள்ளுவேன். பெட்டிக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? பொங்கிப் பொங்கிப் பனி பிடித்தது.

அப்புறம் ஒவ்வொன்றாய்ப் பழகினேன். பாத்திரத்தைக் கழுவி, பழைய வேட்டித் துணியால் ஒட்டத் துடைத்து, பிறகு உள்ளே வைத்தேன். தயிர், மோர், பழையது எல்லாவற்றுக்கும் மூடி. சூடான எதுவும் நன்றாக ஆறாமல் உள்ளே போகாது. என்ன எடுக்க வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு திறப்பேன், எடுத்த கையோடு அடைப்பேன். கதவு விளிம்பில் இருந்த ரப்பர் வெடித்து இற்றுப் போயிருந்தது. அதன் வழியாகவும் ஈரக்காற்று ஏறியது. தோட்டத்து ஆள் ஒருவர் தந்த ரப்பர் ஷீட்டை அத்தான் நாடாவாகக் கீறி ஒட்டினார். ஒரு துண்டுக் காகிதத்தை இடுக்கி வைத்துக் கதவை அடைத்து, இழுத்துப் பார்ப்பார். காகிதம் வராவிட்டால் சந்தோஷம். அந்தப் புது ரப்பர் நாற்றத்தில் என் தயிருக்கே ஒரு மணம் வந்துவிட்டது. அதற்கும் ஒரு சண்டை போட்டோம்.

இன்னொரு சள்ளையும் உண்டு. பெட்டி மட்டமாக நிற்க வேண்டும். கொஞ்சம் சரிந்தாலும் திரி எரியும், குளிராது. மழையில் மண் இளகி, சக்கர வீட்டின் கால் ஒரு பக்கமாகப் புதையும். ரோட்டுக்கு மட்டம் பார்க்கிற ரசமட்டத்தைக் கொண்டுவந்து பெட்டியின் தலையில் வைத்துப் பார்த்து, காலுக்கு அடியில் கல் கொடுப்பார். "மலைய நிமித்தலாம், இந்தச் சவத்துப் பெட்டிய நிமித்த முடியல்ல" என்று அவர் வெளியே மழையில் புலம்புவதைக் கேட்டுக்கொண்டே நான் உள்ளே தோசை சுடுவேன்.

வெயில் முகம் காட்டுகிற நாளில் திரியை அணைப்போம். பெட்டிக்குள் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்துக் கதவைத் திறந்து போட்டால், சற்று நேரத்தில் பனி சடசடவென்று இற்று விழும். கத்தியால் குத்தக்கூடாது; தகரம் ஓட்டையானால் பெட்டி அத்தோடு போச்சு. உருகின தண்ணீரைத் துணியால் ஒற்றி, உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்து, மறுபடி கொளுத்துவோம்.

நான் இவ்வளவு கட்டும் செட்டுமாய் இருந்தாலும் ஊர் விடுமா? ரோட்டுக்குக் கல்லுடைக்கிற பெண்கள் ஐஸ் பார்க்க வந்தார்கள். முதலில் பெருமையில் நானே கூப்பிட்டுக் காட்டினேன். ஆளுக்கு ஒரு கிள்ளுப் பனி தருவேன். அவர்களில் மூத்தவள் ஒருத்தி, பல் பாதி போனவள், அதை வாயில் போட்டுக்கொண்டு, "எம்மா, பல்லில்லாத எடமும் கூசுதே!" என்று குதித்த குதியில் சக்கர வீடே ஆடியது. பிறகு ஆள் கூடிக் கூடிக் கதவு மூடாமலே கிடந்தது. "கோயில் மாதிரி வச்சிக்கிடலாம். சாயங்காலம் ஒருக்கா நடை திறக்கும், அப்பம் வரச் சொல்லு" என்று அவர் சொன்னார். அன்றிலிருந்து நான் தயிர் எடுக்கிற நேரம்தான் எல்லோருக்கும் தரிசனம்.

இத்தனைக்கும் அந்தப் பெட்டி என் தயிருக்காக வைத்தது இல்லை. அவருடைய ஊசி மருந்துக்காகத்தான். அதைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும், ஆனால் உறைய விடக்கூடாது என்று நாகர்கோவில் டாக்டர் சொல்லியிருந்தார். பெட்டி இருக்கிற தைரியத்தில்தான் மலை வேலையை விடாமல் இருந்தார். அது கெட்டால் அவருக்கு மருந்தில்லை. மருந்தில்லை என்றால் அவர் இல்லை. இதை நினைத்துத்தான் நான் ஒவ்வொரு பாத்திரத்தையும் துடைத்தேன்.

ஆனால் மருந்தை மட்டும் என்னைத் தொட விடமாட்டார். அன்றாடம் போடுகிற குப்பி அவர் பையில் இருக்கும். பிரிக்காத இரண்டு குப்பியையும் ஒரு தகர டப்பாவில் போட்டு, மேல்தட்டில் ஐஸ் அறையை ஒட்டி, மூலையில் தள்ளி வைத்திருப்பார். ஊசியை என் அடுப்பில் கொதிக்க வைக்கமாட்டார். அதற்கென்று வெளியே தனி ஸ்டவ், தனிப் பாத்திரம். போட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே ஏறுவார். கிருமிக்காகத்தான் இந்தக் கட்டுப்பாடு என்று நினைத்திருந்தேன். ஒருநாள் நான் டப்பாவை எடுக்கப் போக, "நீ அதத் தொடாத பிள்ள" என்று சட்டென்று கையைத் தட்டினார். கட்டின பொண்டாட்டி தொடக்கூடாத மருந்து என்ன மருந்து? எனக்கு மனசு வலித்தது. உறைக்கிற மாதிரி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு விட்டுவிட்டேன்.

அவர் ஒரு கண்ணாடிக் குழாயும் வைத்திருந்தார். அதில் நீல நிறத்தில் ஒரு திரவம் ஊற்றி, தன் சிறுநீரில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவார். நீலமாகவே இருந்தால் உடம்பில் சர்க்கரை அடங்கி இருக்கிறது. பச்சையானால் கொஞ்சம் கவனம். மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்குப் போனால் ஆபத்து. காலையில் குழாயைத் தூக்கி எனக்குக் காட்டுவார். நீலம் என்றால் நான் பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் தேய்ப்பேன்.

அந்த ஐப்பசி மழை மாதிரி நான் அதற்குமுன் பார்த்ததில்லை. விடாமல் கொட்டியது. கீழே காட்டாறு பெருகி, கேம்புக்கு வருகிற வழியில் கட்டியிருந்த கலுங்குப் பாலத்தை அடித்துக்கொண்டு போனது. அக்கரைவரை பஸ் வரும், திரும்பிப் போகும். இக்கரையில் நாங்கள். பெட்டிக்குள் பனி தினமும் ஏறிக்கொண்டே இருந்தது. எப்படித் துடைத்தும், எத்தனை குறைவாகத் திறந்தும் நிற்கவில்லை.

"அணைச்சு ஒருக்கா உருக்கிருவோம் அத்தான்" என்றேன்.

"இப்பம் அணைச்சா மறுபடி பிடிக்குமோ என்னமோ. திரியெல்லாம் ஈரம். மழை வெறிக்கட்டும்."

மழை ஓயவில்லை. கையில் இருந்த பழைய குப்பி தீர்ந்த காலையில் அவர் டப்பாவை எடுக்கப் பெட்டியைத் திறந்தார். டப்பாவைக் காணவில்லை. ஐஸ் அறையிலிருந்து பனி இறங்கி மேல்தட்டு மூலையை அப்படியே விழுங்கியிருந்தது. நான் வெந்நீரில் துணியை முக்கி ஒற்றி ஒற்றி டப்பாவைப் பெயர்த்தெடுத்தேன். ஒரு குப்பி வெடித்திருந்தது. இன்னொன்று கட்டியாக உறைந்திருந்தது. உருகியதும் உள்ளே திரிந்த பால் மாதிரித் துணுக்குத் துணுக்காக மிதந்தது. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, வேறு மருந்து இல்லாததால், அதையே ஊசியில் ஏற்றிப் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் குழாய் மஞ்சளாகியது. மறுநாள் காலையில் செங்கல் நிறம். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார், குடித்ததெல்லாம் போனது. மத்தியானத்துக்குள் கட்டிலோடு சாய்ந்துவிட்டார். பக்கத்தில் போனால் மூச்சில் அழுகிய பழ வாசம்.

எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வரும். அன்றும் அப்படித்தான் வந்தது.

"உறைய விடாதேன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு. நடுத்தட்டுல எவ்வளவு எடம் கெடக்கு! அங்க வச்சா என்ன? அந்த ஐஸுக்கு மூட்டுல கொண்டுபோய் என்னத்துக்கு வச்சியோ? சொல்லுங்கோ!"

அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"நடுத்தட்டுல ஒனக்க பாலும் தயிரும்லா இருக்கு."

"இருந்தா?"

"ஏட்டி... அது பன்னிக்க வயித்துலேருந்தும் மாட்டுக்க வயித்துலேருந்தும் எடுக்க மருந்து. ஒனக்குச் சொல்லல்ல. முட்டை வித்த கடையில உப்பு வாங்கமாட்ட நீ. ஒனக்குத் தெரிஞ்சா அந்தப் பெட்டியில உள்ளத எப்பிடித் திம்ப? என்னையும்தான் எப்பிடித் தொடுவ?"

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சர்க்கரை வியாதியை என் அப்பா முன்னால் நின்று சொன்ன மனுஷன். இதை மட்டும் எனக்குச் சொல்லப் பயந்து, தினமும் மழைக்குள் நின்று தனி ஸ்டவ்வில் ஊசி காய்ச்சியிருக்கிறார். என் தயிரில் தீட்டுப் படக்கூடாது என்று, தன் உயிரைக் கொண்டுபோய் ஐஸுக்குள் வைத்திருக்கிறார். அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

"பைத்தியமா ஒங்களுக்கு? எனக்க தயிரு பெரிசா, நீங்க பெரிசா?" என்றேன்.

அதற்குள் அவர் தூங்கிவிட்டார். அது நல்ல தூக்கம் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

வேலையாட்களை மேய்க்கிற மேஸ்திரி வந்து, கீழே ஆள் அனுப்புகிறேன் என்றார்.

"ஆளு போயி என்ன சொல்லுவான்? எந்த மருந்து, எப்பிடிக் கெட்டுது, இப்பம் இவரு எப்பிடிக் கெடக்காருன்னு டாக்டர் கேப்பாருல்லா? நான் போறேன். நீங்க இவருக்குப் பக்கத்துல இருங்கோ."

கெட்டுப்போன குப்பியை மடியில் கட்டிக்கொண்டு இறங்கினேன். காட்டாற்றில் கலுங்கு இருந்த இடத்தில் இரண்டு மரங்களைப் போட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். தண்ணீர் அந்த மரத்தின் மேலே ஏறி ஓடியது. எனக்கு வயல் வாய்க்கால் தெரியும், ஆறு தெரியாது. கல்லுடைக்கிற அந்த மூத்தவள் என் முன்னால் வந்து நின்றாள்.

"சேலையத் தாறு பாய்ச்சிக் கெட்டு மக்கா. தண்ணியப் பாக்காத, எனக்க முதுகப் பாரு."

அவள் முன்னால், நான் நடுவில், பின்னால் இன்னொருத்தி என் இடுப்பைப் பிடித்தபடி. முழங்காலுக்குமேல் தண்ணீர் அடித்தது. நான் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன், தெரியாத சாமியையும் கூப்பிட்டேன். அக்கரையில் ஏறியதும் அவள் என் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, "போ, போயிட்டு வா. இருட்டதுக்கு முன்னால வா. நான் இஞ்சதான் நிப்பேன்" என்றாள்.

பஸ் தடிக்காரன்கோணம் தாண்டி, பூதப்பாண்டியில் நின்றது. இறங்கி ஓடினால் அம்மா இருப்பாள். இறங்கவில்லை. இறங்கினால் அழுதுவிடுவேன், அழுதால் நேரம் போகும்.

நாகர்கோவிலில் டாக்டர் குப்பியை ஆட்டிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

"இது மருந்தில்லம்மா, வெறும் தண்ணி. உறைஞ்சிட்டா பிறகு ஒண்ணுக்கும் ஆகாது. வெளியில நெழல்ல வச்சிருந்தாக்கூடச் சில நாளு தாங்கியிருக்கும். குளிர் வேணும், ஐஸ் வேண்டாம்."

புது மருந்து தந்தார். எவ்வளவு ஏற்ற வேண்டும், எப்படிப் போட வேண்டும் என்று என் கையில் வெற்று ஊசியைக் கொடுத்து, ஒரு ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகச் சொன்னார். "ஆத்தைத் தாண்டத் தோதானதும் ஆளை இங்க தூக்கிட்டு வந்திரணும்" என்றார். ஈரத்துணியில் குப்பிகளைச் சுற்றி மடியில் செருகிக்கொண்டேன். பஸ்ஸில் வருகிறவழி முழுக்க என் கை அதன் மேலேயே இருந்தது. இது பன்றியா மாடா என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை.

வெளிச்சம் மங்குவதற்குள் ஆற்றங்கரைக்கு வந்துவிட்டேன். அந்த மூத்தவள் சொன்னபடியே நனைந்துகொண்டு நின்றாள். சக்கர வீட்டில் ஏறினபோது அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது, பேச்சுத்தான் வரவில்லை. என் அடுப்பில், நான் பால் காய்ச்சுகிற ஸ்டவ்வில், ஊசியைக் கொதிக்க வைத்தேன். மருந்தை ஏற்றினேன். ஆரஞ்சில் பழகினபடியே அவர் கையில் குத்தினேன். சொன்னபடி விட்டு விட்டுப் போட்டுக்கொண்டு, வாயில் தண்ணீர் விட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். விடிந்தபோது கண்ணைத் திறந்து, "வந்தியா?" என்றார். வந்தேனா என்று கேட்கிறாரே என்று ஓவென்று அழுதேன்.

மறுநாள் மழை சற்றுத் தாழ்ந்தது. நாற்காலியில் உட்கார்த்தி, வேலையாட்கள் தோளில் தூக்கி ஆற்றைத் தாண்டினார்கள். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் இருந்தார். தேறினார். மலை வேலையை விட்டுவிடச் சொன்னார்கள் எல்லோரும். அவர் என் முகத்தைப் பார்த்தார். "ரோடு பாதியில கெடக்குல்லா" என்றேன் நான். திரும்பவும் ஏறினோம்.

நாங்கள் போய்ச் சேர்ந்த அன்றைக்கு நல்ல வெயில். அவரைப் பலாமரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, பெட்டிக்குள் வெந்நீர்ப் பாத்திரத்தை வைத்தேன். பனி பாளம் பாளமாக விழுந்தது. எல்லாவற்றையும் வாரி வெளியே கொட்டி, மூலை முடுக்கெல்லாம் காயத் துடைத்துத் திரியைக் கொளுத்தினேன். சாயங்காலம் பால், தயிர், மருந்து எல்லாவற்றையும் என் இஷ்டத்துக்கு அடுக்கினேன். அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை.

காலையில் காப்பிக்குப் பால் எடுக்க அவர்தான் பெட்டியைத் திறந்தார். திறந்தவர் திறந்தபடியே நின்றார்.

"கதவ அடையுங்கோ அத்தான், பனி பிடிக்கும்!" என்று ஸ்டவ்வுக்கு முன்னாலிருந்து கத்தினேன்.

அவர் அடைக்கவில்லை.

"ஏட்டி, மருந்து ஒனக்க பாலுக்குப் பக்கத்துல இருக்கு" என்றார்.

"ஆமா, நான்தான் வச்சேன். ஒங்களுக்க உசிருல்லா அது? பின்ன எங்க வைக்கச் சொல்லுகியோ?"

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். உள்ளேயிருந்த குளிரெல்லாம் அவர் காலைச் சுற்றி வெளியே போய்க்கொண்டிருந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.